அப்பா கேசட்டுல எழுதுன மாதிரியே டேக் போடுறேன்

அப்பா மலேசியாவுல ஒரு எஸ்டேட்ல கிராணியா, அதான் கிளார்க்கா, இருந்தாரு. செக்ரோல்ங்கிற ஆளுங்க சம்பளக் கணக்கு எழுதி எழுதிப் பழகுன கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா நிக்கும். அந்தக் கையெழுத்துலதான் 138 சங்கீதக் கேசட்டுக்கும் அட்டை எழுதி வச்சிருந்தாரு. எஸ்டேட் வீட்ட விட்டு சுங்கை சிப்புட் டவுன் பக்கத்துல தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்தப்ப எல்லாத்தையும் நாலு பிஸ்கட் டின்ல அடுக்கி, ஈரம் ஏறாம இருக்க அரிசிய துணியில முடிஞ்சு உள்ள வச்சு மூடுனாரு. டின்னுங்க அப்படியே அலமாரி மேல ஏறிருச்சு. அவரு போய் ஆறு வருஷம் ஆச்சு, போன வருஷக் கடைசி ஸ்கூல் லீவுலதான் நான் அதத் தொறந்தேன்.

தொறந்ததும் முதல்ல கண்ணுல பட்டது சிவப்பு மை. ராகம் பேர மட்டும் சிவப்புல பெருசா எழுதியிருக்காரு, கீழ நீல மையில பாட்டு, தாளம், யாரு பாடுனது, மூலையில தேதி. தேதிக்குப் பக்கத்துல சிலதுல "மழை"னு இருக்கு, சிலதுல "பாதி", ஒண்ணுல "கரண்ட் போச்சு". முக்காவாசி ரேடியோவுல இருந்து பிடிச்சது, இப்போ மின்னல் எஃப்எம்னு இருக்கே அந்தத் தமிழ் ஒலிபரப்பு, ராத்திரியில சிற்றலையில கிடைச்ச ஆல் இந்தியா ரேடியோ, இப்படி. வெளிய இடி மின்னல்னா பாட்டுக்கு நடுவுல கரகரன்னு இழுக்கும், அதான் "மழை". 90 நிமிஷக் கேசட்டுல ஒரு பக்கம் 45 நிமிஷம்தான், தனி ஆவர்த்தனம், அதான் தாளவாத்தியம் மட்டும் வாசிக்கிற இடம், ஓடிட்டு இருக்கும்போதே டேப் தீர்ந்துரும், அதான் "பாதி".

முதல்ல ஈப்போ பக்கம் ஒரு கடையில 20 கேசட்ட குடுத்து ஃபைலா மாத்தித் தரச் சொன்னேன். ரெண்டு வாரம் கழிச்சு பென்டிரைவ் வந்துச்சு. உள்ள பாத்தா டிராக் 01, டிராக் 02னு 214 வரைக்கும் போகுது. எங்கெல்லாம் சத்தம் இல்லையோ அங்கெல்லாம் மெஷினே வெட்டிக்கட்டும்னு விட்டுருக்காங்க. ஆலாபனையில, அதான் பாட்டு வரிக்கு முன்னாடி ராகத்த மட்டும் விரிக்கிற இடத்துல, வித்வான் ஒரு சங்கதிய முடிச்சு மூச்சு எடுக்குற இடம் எல்லாம் தனித்தனி ஃபைலு! எது எந்தக் கேசட்டுனும் தெரியல, அட்டைங்கள மொத்தமா ஒரு ரப்பர் பேண்டுல கட்டித் திருப்பிக் குடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு சாப்பாடு இறங்கல.

அப்புறம் 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பழைய கேசட் டெக் வாங்கி நானே உக்காந்தேன். நம்ம ஊரு ஈரத்துல டேப் மேல வெள்ளையா பூசணம் பூத்திருக்கும், அத அப்படியே ஓட விடாதீங்க, டெக்கோட ஹெட்டும் கெட்டுரும், மொதல்ல துடைச்சு சுத்தம் பண்ணணும். நல்லா இருக்குற டேப்பையே ஒரு தடவ முன்னாடி பின்னாடி முழுசா ஓட்டித் தளர்த்திட்டுத்தான் பதிவு பண்ணணும். சத்தம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தா ஹெட் பக்கத்துல ஒரு குட்டித் திருகு இருக்கும், அத லேசா, ரொம்ப லேசா திருப்புனா தம்புரா திடீர்னு தெளிஞ்சு கேக்கும். அந்த நிமிஷத்துக்காகவே இந்த வேலையச் செய்யலாம்.

ஆனா கஷ்டமே இதுக்கு அப்புறம்தான், ஃபைலுக்குள்ள பேரு விவரம் போடுறது, அதான் டேக். எந்த சாஃப்ட்வேர எடுத்தாலும் ஆர்டிஸ்ட், ஆல்பம், டைட்டில்னுதான் கேக்குது. நம்ம வீட்டுல யாராவது "இது எந்த ஆல்பம்"னு கேட்டுருக்காங்களா? "என்ன ராகம் இது"னுதானே கேப்பாங்க. அப்பா சிவப்பு மையில எழுதுனதுக்கு கம்ப்யூட்டர்ல கட்டமே இல்ல, நாமளேதான் உண்டாக்கணும். நான் எம்பி3டேக்ங்கிற டேக் போடுற சாஃப்ட்வேர் வச்சு ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம், அட்டைக்குறிப்புனு அஞ்சு கட்டம் சேர்த்தேன், ஃபூபார்2000ங்கிற பிளேயர்ல ராகவாரியா அடுக்கிப் பாக்குறேன். ஒரிஜினல் எல்லாம் ஃபிளாக் ஃபைலா, அதான் தரம் குறையாம சுருக்குற வகை, வச்சிருக்கேன், அதுல எந்தப் பேருல வேணும்னாலும் கட்டம் போடலாம், தமிழும் சுத்தமா நிக்கும். எம்பி3ல டேக் எழுதுற முறைக்கு ஐடி3னு பேரு, அதோட பழைய முதல் வெர்ஷன்ல போட்டா தலைப்புக்கு 30 எழுத்துதான், தமிழெல்லாம் கேள்விக்குறியாப் போயிரும், அதனால ரெண்டாவது வெர்ஷன்லதான் சேவ் பண்ணணும். இடம் எவ்வளவு வேணும்னா, சுருக்காத வேவ் ஃபைலு சிடி தரத்துல நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி, ஒரு முழுக் கேசட்டு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் கம்மி, ஃபிளாக்ல அதுல ஏறக்குறைய பாதி.

எழுத்து ஒண்ணா இல்லன்னா எல்லாம் வீண். எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.எஸ்.சுப்புலக்ஷ்மி, எம் எஸ் சுப்புலட்சுமி, நமக்கு ஒரே அம்மாதான், கம்ப்யூட்டருக்கு மூணு பேரு. ராகத்துல இன்னும் மோசம். பந்துவராளிக்கே காமவர்த்தனினு பேரு, தீட்சிதர் வழியில காசிராமக்ரியாம்பாங்க, மூணையும் மூணு இடத்துல வச்சா தேடும்போது ரெண்டு காணாமப் போகும். அதனால ஒரு நோட்டுல ராகத்துக்கு ஒரு எழுத்துனு முடிவு பண்ணி எழுதி வச்சு, மத்த பேரெல்லாம் பக்கத்துல குறிச்சேன். 72 தாய் ராகங்கள்ல ஒண்ணா, அதான் மேளகர்த்தா ராகமா இருந்தா அதோட எண்ணையும் சேர்த்தேன், தோடி 8, சங்கராபரணம் 29, கல்யாணி 65. 29ல மத்திமத்த, அதான் "ம" சுரத்த மட்டும் மாத்துனா 36 தள்ளி 65 வந்துரும், அந்த அடுக்கு திரையில அப்படியே தெரியும்போது மனசு நிறையுது. "குறை ஒன்றும் இல்லை" மாதிரி ஒரே பாட்டுல பல ராகம் வர்ற ராகமாலிகைக்கு ஒரே கட்டத்துல சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவினு மூணையும் அரைப்புள்ளி வச்சுப் பிரிச்சுப் போட்டா எந்த ராகத்துல தேடுனாலும் அது வரும்.

அப்பா கொஞ்சம் சிதாரும் பிடிச்சு வச்சிருக்காரு, அங்க ஒரு தடவ தப்பு பண்ணேன். இந்துஸ்தானி தோடி நம்ம தோடி இல்ல, அது நம்ம சுபபந்துவராளிக்குக் கிட்ட. அவங்க மால்கௌன்ஸ்தான் நமக்கு ஹிந்தோளம். அதனால கர்நாடகமா இந்துஸ்தானியானு ஆறாவதா ஒரு கட்டம் சேர்த்தாச்சு.

இயற்றியவர் பேரு அட்டையில இல்லன்னா பாட்டையே முழுசா கேக்கணும், அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. இயற்றுனவங்க தங்களோட முத்திரைப் பேர பாட்டுக்குள்ளயே வச்சிருப்பாங்க: சரணத்துல "தியாகராஜ" வந்தா சொல்லவே வேணாம், "குருகுஹ"னு காதுல விழுந்தா முத்துசாமி தீட்சிதர், "ஸ்யாமகிருஷ்ண"னா சியாமா சாஸ்திரி, "ராமதாசன்"னா பாபநாசம் சிவன். ராத்திரி அம்மாவும் பக்கத்துல உக்காந்து கேப்பாங்க, குருகுஹ வந்ததும் எனக்கு முன்னாடி அவங்க தலையாட்டிருவாங்க.

ஆலாபனையையும் அதுக்கப்புறம் வர்ற கிருதியையும் (பாட்டையும்) வெட்டிப் பிரிக்கலாமானு ரொம்ப யோசிச்சேன். பிரிச்சா தேட ஈஸிதான், ஆனா எம்பி3 ஃபைலுக்கு நடுவுல ஒரு சின்ன இடைவெளி விழும், வயலின் ஆலாபனைய முடிச்சு பாட்டு எடுக்குற அந்த இடம் அறுந்து போகும். ஷஃபிள்ல போட்டா இன்னும் கொடுமை, தோடி ஆலாபனைக்கு அப்புறம் மங்களம் வரும். நான் பிரிக்கல. 38 நிமிஷம்னாலும் ஒரே ஃபைலு.

அட்டைக்குறிப்புக் கட்டத்தப் பத்திச் சொல்லியே ஆகணும். 61ஆவது கேசட்டு அட்டையில சிவப்பு மையில "பைரவி"னு எழுதி, பக்கத்துல கேள்விக்குறி போட்டு, "முகாரியோ?"னு இருக்கு. அது மேல ஒரு கோடு. கீழ வேற மை, பச்சை, கையும் கொஞ்சம் நடுங்கியிருக்கு, "மாஞ்சி"னு. கேட்டுப் பாத்தேன், மாஞ்சியேதான், பைரவிக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கிற ராகம், லேசுல பிடிபடாது. மொதல் எழுத்துக்கும் பச்சை மைக்கும் நடுவுல எத்தன வருஷம், எத்தன தடவ அதையே போட்டுக் கேட்டுருப்பாரு. ராகம் கட்டத்துல மாஞ்சினு மட்டும் போட்டுட்டு விட மனசு வரல. அடிச்சது, திருத்துனது, மழை, பாதி, எல்லாத்தையும் அப்படியே குறிப்புல டைப் பண்ணி, அட்டையையும் ஹேண்ட்போன்ல படம் எடுத்து ஃபைலுக்குள்ளயே படமாச் சேர்த்துட்டேன். இப்போ பாட்டு ஓடும்போது திரையில அப்பா கையெழுத்து வருது.

137 முடிஞ்சிருச்சு. பாக்கி ஒண்ணு நாதஸ்வரம், ஆரம்பத்துல அறிவிப்பு இல்ல, அட்டையில பேரும் இல்ல, சிவப்பு மையில "?" மட்டும்தான். "மழை"யும் இருக்கு. போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் மேளக்காரர் ஐயாகிட்ட கொண்டு போனேன், அப்பாவத் தெரிஞ்சவரு, எழுபத தாண்டிட்டாரு. காதுல மாட்டிக்கிட்டு கண்ண மூடிட்டாரு, வேட்டி மேல வலது கை விரலுங்க மட்டும் தொளைய மூடித் தொறக்குற மாதிரி அசைஞ்சுட்டே இருந்துச்சு. இடிச் சத்தம் வர்ற இடத்துல புருவத்தச் சுருக்குனாரு. முடிஞ்சதும் ராகம் பேரு எதையும் சொல்லல.

"இன்னொருக்கா போடும்மா"ன்னாரு.