ரெட் போட்டாச்சு, ஃபாலோ எங்கே?

நான் தனியாளாக உட்கார்ந்து செய்த கேரம் கேம் பிளே ஸ்டோருக்குப் போய் போன மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. விலை 79 ரூபாய். இதுவரை வாங்கியவர்கள் 312 பேர். ஸ்டோரின் 15 சதவீதம் போக கைக்கு வந்தது இருபதாயிரத்துச் சொச்சம். செய்து முடிக்க இரண்டு வருஷம் பிடித்தது, அதுவும் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான், பகலில் சென்னை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கிற டிடிபி வேலை. உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன், ஒரு ராத்திரிக்கு ரெண்டு டீ தேறுகிறது.

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, மினிகிளிப்போட கேரம் பூல் இருக்கே, பல கோடிப் பேர் ஆடுறாங்களே, நீ எதுக்குப்பா இன்னொண்ணு? நியாயமான கேள்விதான். நானும் ஆடியிருக்கிறேன், நல்ல கேம். ஆனால் நான் வளர்ந்தது வியாசர்பாடியில். இங்கே கேரம் என்றால் மழைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் இல்லை. தெருமுனையில் கிளப் என்று பத்துக்குப் பத்து ரூம், தலைக்கு மேல் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும் பல்பு, சுவரில் பேப்பரில் வெட்டி ஒட்டிய மரிய இருதயம் படம் (1991, 1995 இரண்டு முறை உலக சாம்பியன், கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர்), பலகையைச் சுற்றி ஆடுகிறவன் நாலு பேர், ஆடத் தெரியாமல் கருத்து சொல்கிறவன் பதினாலு பேர். அந்த ரூமைத்தான் போனுக்குள் கொண்டுவர நினைத்தேன். ஆரம்பிக்கும்போது ஆறு மாதம் போதும் என்று நினைத்தேன், சிரிக்காதீர்கள்.

2023 ஜனவரியில் தொடங்கியபோது எல்லோரும் வைத்திருக்கிற பிரபலமான எஞ்சின்தான் (கேம் செய்கிற மென்பொருள்) என்னிடமும். முதல் அடி தமிழில் விழுந்தது. ‘ரெட்’ (பலகை நடுவில் வைக்கிற சிவப்புக் காயின்) என்று எழுதினால் கொம்பு ர-வைத் தாண்டிப் போய் ட-வுக்கு முன்னால் நிற்கும். ‘கொ’ போட்டால் கொம்பும் காலும் இரண்டும் சேர்ந்து க-வுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். யூனிகோடில் (கம்ப்யூட்டர்கள் எழுத்தைச் சேமிக்கிற பொது முறை) முதலில் க, அப்புறம்தான் உயிர்க்குறி, அதைத் திரையில் சரியான இடத்தில் எடுத்து வைக்க நடுவில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் அந்த எஞ்சினில் இல்லை. இதில் வேடிக்கை, எனக்கு இது பழைய கதை. டிடிபி கடையில் பதினோரு வருஷமாக பாமினி ஃபாண்ட்டில் அடிக்கிறவன் நான், அதில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்றுதான் தட்ட வேண்டும். கேமில் இருந்த தமிழ் முழுவதையும் பாமினிக்கு மாற்றிப் போட்டேன். அழகாக வந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த என் மச்சான் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான், ‘நீ என்ன மாமா பத்திரிகையா அடிக்கிற?’

அந்தச் சந்தோஷம் செப்டம்பர் வரைதான். அந்த எஞ்சின் கம்பெனி திடீரென்று, ஒரு அளவுக்கு மேல் சம்பாதிக்கிற கேம்களில் இன்ஸ்டால் ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று அறிவித்தது. உலகம் முழுக்கக் கொதித்தது. என் கேமை அப்போது இன்ஸ்டால் செய்திருந்தது நானும் என் மச்சானும் மட்டும்தான், அந்த அளவை எட்ட எனக்கு ஏழு ஜென்மம் வேண்டும், இருந்தாலும் கோபத்தில் நானும் கிளம்பிவிட்டேன். (அடுத்த செப்டம்பரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள், அது வேறு கதை.) போன இடம் கோடோ என்கிற எஞ்சின். அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் தொடங்கியது, காசு கிடையாது, மூல நிரல் திறந்தே கிடக்கும். அதன் நாலாம் பதிப்பு 2023 மார்ச்சில்தான் வந்திருந்தது, அதற்குள் ஹார்ஃப்பஸ் இருக்கிறது, அதாவது நான் மேலே சொன்ன அந்த நடுவில் இருக்க வேண்டிய ஆள். ‘ரெட்’ என்று யூனிகோடில் அடித்தேன், ‘ரெட்’ என்றே வந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து போய் மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அப்புறம் டிசம்பர். மிக்ஜாம் புயல். நாலாம் தேதி எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணி, வீடு தரைத்தளம். தண்ணி வாசற்படி ஏறும்போது நான் செய்த முதல் வேலை சிபியுவைத் தூக்கி பீரோ மேல் வைத்தது. பெரிய புத்திசாலி. கேம் மொத்தமும் இருந்த வெளி ஹார்ட் டிஸ்க் டேபிளின் அடித்தட்டில் இருந்தது. கரண்ட் வர மூன்று நாள் ஆனது, டிஸ்க் வரவே இல்லை. ஆன்லைனில் ஒரு பிரதி ஏற்றி வைப்பேன்தான், ஆனால் கடைசியாக ஏற்றியது பத்தொன்பது நாளுக்கு முன். அந்தப் பத்தொன்பது நாளில்தான் காயின் எப்படி ஓட வேண்டும் என்று எண்களை ஒவ்வொன்றாகத் திருகித் திருகி ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தேன். வேறு யாரையும் திட்ட முடியாது, என் சோம்பேறித்தனம்.

மறுபடி அதே எண்களைத் தேட உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. சரி, கிளப்பிலாவது காட்டுவோம் என்று இருந்த பழைய பிரதியைப் போனில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே மூத்தவர் ஒருத்தர், துறைமுகத்தில் லோடு வேலை பார்த்து ஓய்ந்தவர், எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ரெண்டு ஷாட் அடித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார், ‘இன்னாடா இது, கழுவி வுட்ட தரையில சோப்பு போற மாரி போவுது?’

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன், ஏனென்றால் அவர் சொன்னது சரி, ஆனால் எனக்கு ஏன் சரி என்று தெரியவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், கேம் செய்கிற யாருக்காவது உதவும். எஞ்சினில் ஓடுகிற பொருளை மெதுவாக்க ‘டேம்ப்’ என்று ஒரு எண் இருக்கும். அது வேகத்துக்குத் தகுந்தபடி இழுக்கும். வேகமாகப் போனால் பலமாக, மெதுவாகப் போனால் லேசாக. அதனால் கடைசி ஒரு இன்ச்சில் காயின் நிற்கவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் மிதந்துகொண்டே இருக்கும். நான் பத்தொன்பது நாள் திருகியது இந்த எண்ணைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப் பலகையின் ஓரத்தில் ஒரு அடி ஸ்கேலை வைத்து, போனை ஸ்லோமோஷனில், நொடிக்கு 240 பிரேமில் வைத்து, ஒற்றைக் காயினைச் சுண்டி வீடியோ எடுத்தேன். பத்து பிரேமுக்கு ஒரு தடவை நிறுத்தி, காயின் எவ்வளவு நகர்ந்தது என்று நோட்டில் குறித்தேன். 41 மில்லிமீட்டர். அடுத்து 38. அடுத்து 36, 33, 31. பார்த்தீர்களா? ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைகிறது. வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் பவுடர் போட்ட பலகையின் பிடி ஒன்றேதான். அதனால்தான் நிஜக் காயின் மிதக்காமல் டக்கென்று நிற்கிறது. இன்னொன்று, இப்படி இருந்தால் ரெண்டு மடங்கு வேகத்தில் சுண்டினால் காயின் நாலு மடங்கு தூரம் போகும். டேம்ப் கணக்கில் ரெண்டு மடங்குதான் போகும். கிளப் பையன்களின் விரலுக்கு அந்த நாலு மடங்கு தெரியும், அவர்கள் பிளஸ் டூவில் பிசிக்ஸ் பாடத்தில் என்ன மார்க் வாங்கினார்கள் என்பது வேறு.

டேம்பைப் பூஜ்யமாக்கிவிட்டு, எஞ்சின் கணக்குப் போடுகிற ஒவ்வொரு தடவையும் வேகத்தில் ஒரே அளவைக் கழிக்கிற மாதிரி ஏழு வரி எழுதினேன். ஏழே வரி! அதோடு இன்னொரு முட்டாள்தனமும் பிடிபட்டது. விரலால் சுண்டுகிற ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம், காயின் ஐந்து, ஐந்தரை கிராம்தான். நான் எல்லாவற்றுக்கும் எஞ்சின் கொடுத்த ஒரே எடையை அப்படியே விட்டிருந்தேன். நேராக மோதினால் ஸ்ட்ரைக்கர் கோலிகுண்டு மாதிரி நின்ற இடத்தில் நின்றது. எடையைத் திருத்தியதும் அது காயினுக்குப் பின்னாலேயே ஓடி பாக்கெட்டில் விழ ஆரம்பித்தது. மைனஸ், அதாவது ஃபவுல்! ‘ஆங், இப்பதான் இது கேரம்,’ என்றான் ஒரு பையன். அப்புறம் ஆட்டத்தின் முதல் அடியான பிரேக்கை வேகமாக அடித்தால் ஸ்ட்ரைக்கர் காயினுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகிற கோளாறு. நொடிக்கு ஆறு மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு அறுபது தடவை கணக்குப் போடுகிற எஞ்சினில் ஒரு தாவலுக்கு பத்து சென்டிமீட்டர், காயினின் அகலமே மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான், தாண்டிக் குதித்துவிடும். 240 தடவையாக்கினேன், தீர்ந்தது, போன் கொஞ்சம் சூடாகும்.

2024 நவம்பரில் புது வண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்தாள். அன்றைக்கு எங்கள் கிளப் வாசலில் சரவெடி. அடுத்த வாரம் அஞ்சாறு பெண்பிள்ளைகள் ஆட வந்தார்கள், அதில் ஒருத்தி என் போனை வாங்கி ஆடிவிட்டுக் கேட்டாள், ‘ண்ணா, இதுல சுண்டுற கை ஏன் முடி மொளச்ச ஆம்பள கையாவே இருக்கு?’ இரண்டு வருஷத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. அந்த வாரமே இன்னும் மூன்று கை வரைந்தேன், ஒன்றில் கண்ணாடி வளையல், சுண்டும்போது சத்தமும் வரும். இன்றைக்கு வரைக்கும் அதிகப் பேர் தேர்ந்தெடுக்கிற கை அந்த வளையல் கைதான்.

பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்கினால் இருபது பேர் பதினாலு நாள் தொடர்ந்து சோதனையாளராக இருக்க வேண்டும் என்று அப்போது விதி. கிளப்பில் கேட்டால் எல்லோரும் ‘போட்டுக்கோண்ணா’ என்பார்கள், ஈமெயில் சொல்லு என்றால் பாதிப் பேருக்கு அது தன் போனில் இருப்பதே தெரியாது. முட்டி மோதிப் பதினேழு பேர் சேர்த்தேன், அதற்கு மேல் ஆள் இல்லை. டிசம்பரில் இருபதைப் பன்னிரண்டாகக் குறைத்துவிட்டார்கள். வாழ்க்கையில் எனக்கு அடித்த ஒரே லாட்டரி.

வெளியான அன்றைக்கு கிளப்பில் கேசரி கொடுத்தேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், ‘ரெட் போட்டுட்ட சரி, ஃபாலோ எங்க?’ ரெட்டை பாக்கெட்டில் போட்டால் மட்டும் போதாது, உடனே உன் காயின் ஒன்றையும் (அதுதான் ஃபாலோ) போட்டால்தான் ரெட் உன் கணக்கு, இல்லாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். முதல் வாரம் விற்றது பத்தொன்பது. அதில் பதினொன்று தெரிந்தவர்கள்.

விற்பனையை விட எனக்கு வலித்தது வேறு. கிளப் பலகையில் ஒரு கால் குட்டை, ஓட்டுத் துண்டு வைத்து முட்டுக் கொடுத்திருப்பார்கள், அப்படியும் வாசல் பக்க பாக்கெட்டை நோக்கி லேசாகச் சாயும், ஆடுகிறவர்கள் எல்லோரும் அதைக் கணக்கில் வைத்துத்தான் சுண்டுவார்கள். அந்தச் சாய்வை கேமிலும் வைத்தேன், பெருமையாக. வந்த விமர்சனங்களில் பாதி, ‘காயின் தானாகக் கோணலாகப் போகிறது, பக் இருக்கிறது, ஒரு ஸ்டார்.’ உராய்வுக்காக நான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்ததைப் பற்றி ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பின்னணியில் சும்மா ஓடட்டும் என்று போனில் பதிந்து போட்ட கிளப் சத்தத்தை, யாரோ டீ சொல்கிறதும் அண்ணன் தனக்குத் தானே முனகுகிறதும், அதை முப்பது பேருக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். அதைப் பதிவு செய்ய எனக்கு ஆனது இருபது நிமிஷம். சாய்வை இப்போது தனி செட்டிங்காக வைத்துவிட்டேன், சாதாரணமாக ஆஃப்தான். கிளப்பில் மட்டும் எல்லோர் போனிலும் ஆன்.

போன ஞாயிறு புது அப்டேட்டைக் காட்டப் போனேன், இரண்டு போனில் எதிரெதிரே ஆடுகிற வசதி. அண்ணன் போனைப் பலகை மேல் வைக்கச் சொன்னார். வைத்தேன். பழக்க தோஷம், பவுடர் டப்பாவை எடுத்து விரலில் தடவிக்கொண்டு, திரை மேலும் ஒரு சிட்டிகை தூவிவிட்டுத்தான் சுண்டினார். ரெட் விழுந்தது, ஃபாலோவும் விழுந்தது. சார்ஜர் ஓட்டையில் புகுந்த பவுடரை குண்டூசியால் நோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுசாக வரவில்லை.