பண்டாரவளையிலிருந்து கடல் வரை

2024 பெப்ரவரி 11, ஞாயிறு

அண்ணன் கட்டாரிலிருந்து லீவில் வந்திருக்கிறார். வந்த அன்றே எங்காவது போகலாம் என்று தொடங்கிவிட்டார். அம்மாவிடம் கேட்டால் பதில் தெரிந்ததுதானே, கதிர்காமம். எங்கள் தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும் அதேதான். எல்ல இறக்கம், வெல்லவாய, தணமல்வில, லுணுகம்வெஹெர, அப்புறம் முருகன். சின்ன வயதிலிருந்து அதே ரோட்டில் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு போய் அதே ரோட்டில் தூங்கிக்கொண்டு திரும்பி வருகிறோம். வழியில் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது இறங்கிப் பார்த்தோமா? திஸ்ஸமகாராமையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் போனால் கிரிந்தவில் கடல். அதைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. அம்மா கடலைப் பார்த்ததே கொழும்பு காலிமுகத்திடலில்தான்.

அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன். பண்டாரவளைப் பக்கத்து மலையில்தான் கிரிந்தி ஓயா தொடங்குகிறது. 118 கிலோமீட்டர் ஓடி அந்தக் கடலில்தான் போய் விழுகிறது. அந்த ஆற்றுப் பக்கமாகவே இறங்குவோம், பழைய இடங்களைப் பார்ப்போம், கடலில் முடிப்போம், கோயில் இந்த முறை வேண்டாம். அம்மாவுக்கு முகம் சுருங்கியது. "அந்தப் பக்கம் போயிட்டு முருகனைப் பார்க்காம வர்றதா?" என்றார். ஆடியில் எப்படியும் போகத்தானே போகிறோம் என்று அண்ணி சொன்ன பிறகுதான் சரி என்றார்.

பெப்ரவரி 18, ஞாயிறு

வேன் ஹயர் பேசுவது ஒரு தனிக் கலை. முதலில் கேட்ட இடத்தில் அண்ணன் கட்டாரில் இருக்கிறார் என்று தெரிந்ததும் டொலரில் விலை சொன்னார்கள். அடுத்த இடத்தில் விலை பரவாயில்லை, ஆனால் அனுப்பிய பட்டியலில் நீர்வீழ்ச்சி, வாசனைத் தோட்டம், மாணிக்கக் கடை, ஜீப் சபாரி, விகாரை, கடற்கரை என்று ஒரு நாளுக்குள் ஒரு வாரத்தை அடைத்திருந்தார்கள். வாசனைத் தோட்டமும் மாணிக்கக் கடையும் எதற்கு என்று நமக்குத் தெரியாதா, கூட்டிப் போகிறவருக்குக் கொமிஷன்.

கடைசியில் ஸ்கூலில் ஒரு டீச்சர் சொல்லி, வெல்லவாய பக்கத்து ஆள் ஒருவர் கிடைத்தார். அவரே வேன் ஓட்டுவார், அவரே கைட். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதி அட்டை வைத்திருக்கிறார், வேன் ஓட்டிக்கொண்டே வழிகாட்டுகிறவர்களுக்கு என்று தனி வகை அனுமதி இருக்கிறதாம். சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுகிறார். பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் லொறி ஓட்டிய காலத்தில் பழகியது என்றார். முழு நாளுக்கு ஒரு தொகை, டீசல் அதிலேயே, இத்தனை கிலோமீட்டருக்கு மேல் போனால் கூடுதல், அவருடைய சாப்பாடு எங்கள் பொறுப்பு. எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன். வாய்ப்பேச்சை நம்பி ஹயர் போனால் இறங்கும்போதுதான் சண்டை வரும்.

அவரும் ஒரு பட்டியல் அனுப்பினார். ஜீப் சபாரியை வெட்டினேன். "டீச்சர், எல்லாரும் அதுக்குத்தான் வாறாங்க" என்றார். யானையை லுணுகம்வெஹெர ரோட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றேன், சிரித்தார். கடைசியில் நான்கு நின்றன: புதுருவகல, திஸ்ஸ (திஸ்ஸமகாராமைதான்), கிரிந்த, கொடவாய. கொடவாய அவர் பட்டியலில் இல்லை, நான் சேர்த்தது. அது கிரிந்தி ஓயாவின் ஊர் இல்லை, வளவை கங்கை கடலில் சேரும் பக்கம். இருந்தாலும் விட மனம் வரவில்லை.

பெப்ரவரி 23, வெள்ளி, போயா (பௌர்ணமி விடுமுறை)

அண்ணியும் நானும் தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல், அவித்த முட்டை, புளிச்சோறு. அம்மா தனியாக ஒரு பையில் ஸ்வெட்டர், மப்ளர், தைல போத்தல், எலுமிச்சம்பழம். கீழே வெயில் கொளுத்தும் அம்மா என்றால் கேட்கவில்லை. நாலரைக்கு வேன் வரும். தூங்க வேண்டும்.

பெப்ரவரி 24, சனி, இரவு

உடம்பு முழுக்க உப்பு, ஆனாலும் இன்றைக்கே எழுதாவிட்டால் மறந்துவிடும்.

நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். பண்டாரவளையில் பனி, கண்ணாடியில் வைப்பர் போட்டுத்தான் ஓட்டினார். இராவணா நீர்வீழ்ச்சியை இருட்டில் தாண்டினோம், தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தத் தண்ணீரும் கிரிந்தி ஓயாவுக்குத்தான் போகிறது என்று கைட் அண்ணன் சொன்னார். வெல்லவாயவில் இறங்கியபோது விடிந்திருந்தது, அம்மாவைத் தவிர எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டோம்.

புதுருவகல. தணமல்வில ரோட்டில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்ப வேண்டும், குளக்கரையோரமாகப் போகும் ரோடு. கதிர்காமம் பஸ் எத்தனை தடவை அந்தத் திருப்பத்தைக் கடந்து போயிருக்கும்! அங்கே போய் நின்றதும் யாரும் பேசவில்லை, பேச முடியாத உயரம். நடுவில் நிற்கும் புத்தர் 51 அடி, இலங்கையில் பாறையில் செதுக்கிய நிற்கும் புத்தர் சிலைகளில் இதுதான் பெரியது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேர், ஆக ஏழு. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் செதுக்கியது, மகாயான பௌத்தம் இங்கே இருந்த காலம். முன்பு எல்லாச் சிலைக்கும் சாந்து பூசி வண்ணம் தீட்டியிருந்தார்களாம், இப்போது அங்கங்கே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவர் மட்டும் இன்னும் வெள்ளையாக நிற்கிறார், மகாயானத்தார் கும்பிடும் போதிசத்துவர் அவலோகிதேஸ்வரர். சிங்கள மக்கள் நாத தெய்யோ என்று கும்பிடுவது இவரைத்தான் என்று கைட் அண்ணன் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் இடுப்பை ஒடித்து நிற்கும் தாரா தேவி.

அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏழு பேரா, நம்ம கன்னிமார் மாதிரியா?" என்று கேட்டார். கைட் அண்ணன் தடுமாறி, "அப்படி இல்ல அம்மா, இதுல ஆம்பிளைங்கதான் கூட" என்றார். அம்மாவுக்கு அது பிரச்சினையாகத் தெரியவில்லை, ஏழு பேருக்கும் தனித்தனியாகக் கும்பிட்டார். நடுப் புத்தரின் காலடியில் விளக்குச் சுடர் வடிவில் ஒரு குழி இருக்கிறது, அதில் கடுகெண்ணெய் வாசம் வரும் என்பார்கள். அண்ணன் மகள் மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்றாள். எனக்கு என்னமோ வந்த மாதிரி இருந்தது, சொல்லிக் கேட்டதால் இருக்கலாம். ரொட்டியை அங்கே குளக்கரையில் சாப்பிட்டோம். பஸ்ஸில் வந்திருந்தால் இவ்வளவு நேரம் நிற்க விட்டிருப்பார்களா? தனியாக வேன் பிடிப்பதில் எனக்குப் பிடித்ததே இதுதான். ஏசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கிளம்பு கிளம்பு என்று யாரும் விசில் அடிக்கவில்லை.

தணமல்வில தாண்டி வழியில் சட்டித் தயிர் வாங்கினோம், கித்துள் பாணியோடு. லுணுகம்வெஹெரவில் யானை வரவில்லை. (கைட் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.)

திஸ்ஸமகாராமைதான் பழைய மகாகம, தெற்கே இருந்த உருகுணை அரசின் தலைநகரம். பெரிய வெள்ளைத் தாதுகோபத்தை, அதாவது பௌத்தத் தூபியை, காவந்திஸ்ஸ மன்னன் கட்டியதாகச் சொல்கிறார்கள், கி.மு. 2ஆம் நூற்றாண்டு. கூட்டம் எல்லாம் அங்கேதான், போயா முடிந்த மறுநாள் வேறு. எனக்குப் பிடித்தது யட்டால. யானைகள் வரிசையாக நிற்கும் சுவர், சுற்றி அகழி, மனித நடமாட்டமே இல்லை. அப்புறம் சந்தகிரி, செங்கல் குவியலும் இடிந்த மடங்களும். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, அண்ணி குடையை விரித்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது.

திஸ்ஸ வாவிக் கரையில் வைத்துத்தான் அந்த ஓட்டுத் துண்டைப் பற்றிப் பேச்சு வந்தது. 1990களில் ஜெர்மன் தொல்லியலாளர்கள் இலங்கைத் தொல்பொருள் திணைக்களத்தோடு சேர்ந்து அக்குருகொட என்ற இடத்தில் தோண்டியபோது தமிழ் பிராமி, அதாவது பழங்காலத்தில் தமிழை எழுதிய எழுத்து, உள்ள ஒரு மட்பாண்டத் துண்டு கிடைத்தது. தோண்டியவர்கள் அதைக் கி.மு. 200 அளவில் வைத்தார்கள். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைத் தமிழ் என்று படித்தார், வேறு அறிஞர்கள் வேறு மாதிரிப் படித்து மறுத்தும் எழுதினார்கள், சண்டை முடியவில்லை. நான் இதைச் சொன்னதும் கைட் அண்ணன், "தெரியும் டீச்சர், ஆனா ஒருத்தரும் கேக்கிறது இல்ல" என்றார். கேட்காவிட்டால் சொல்லக் கூடாதா? கைட் என்றால் கேட்காததையும் சொல்ல வேண்டும் என்றேன். கோபப்படவில்லை. தமிழ் ஆட்கள் வந்தால் கதிர்காமம் போகிற அவசரத்தில் இருப்பார்கள், சிங்கள ஆட்கள் தாதுகோபத்துக்குப் பூ வாங்கப் போய்விடுவார்கள், வெளிநாட்டு ஆட்களுக்குச் சிறுத்தை வேண்டும், நான் யாரிடம் சொல்ல என்றார். அதுவும் நியாயம்தான். வியாபாரம் செய்ய வந்தவர்கள், ஊர்க்காரர்கள், துறவிகள் எல்லாரும் நடமாடிய ஊர் இது. இந்த வயலும் குளமும் எங்கள் மலைத் தண்ணீரில் 2,000 ஆண்டாக நிற்கின்றன. அம்மாவுக்கு இதில் எந்த வியப்பும் இல்லை, "தண்ணி கீழ தானே ஓடும்" என்றார்.

கிரிந்த. பாறை மேல் விகாரை, கீழே கடல். களனிதிஸ்ஸ மன்னன் ஒரு பிக்குவைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டதற்காகக் கடல் பொங்கியது, அதை அடக்க மகளைப் படகில் வைத்து விட்டார்கள், அவள் இங்கே கரை சேர்ந்து காவந்திஸ்ஸனை மணந்தாள், அவர்கள் மகன்தான் துட்டகைமுனு மன்னன் என்பது கதை. அந்த விகாரமகாதேவிக்கு அங்கே சிலையும் இருக்கிறது. இதே கதையைப் பொத்துவில் பக்கமும் தங்கள் கரையில் நடந்தது என்கிறார்கள். பாறை சுட்டது, செருப்பில்லாமல் ஓடி ஓடி ஏறினோம். மேலே நின்றால் காற்று சேலையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. அம்மா முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றார், மலையில் கொழுந்து பறிக்கப் போனபோது நின்ற அதே நிலை. 2004 சுனாமி இந்த ஊரைப் பிடித்தது என்று கைட் அண்ணன் கையை நீட்டிக் காட்டினார், அதற்கு மேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சாப்பாடு கிரிந்தவில் ஒரு சின்னக் கடையில், மீன் குழம்பு அருமை. புளிச்சோறு அப்படியே வேனில் கிடந்தது.

அம்பாந்தோட்டையில் ரோட்டோரமாக உப்பளங்கள். நிற்காமல் கொடவாய போய்ச் சேர மூன்று மணி.

இன்றைக்கு எனக்கு இதுதான். ஒரு சின்னப் பாறைக் குன்று, மேலே தாதுகோபம், கீழே ஆளில்லாத கடற்கரை, ஆமைகள் முட்டையிட வரும் மணல். பாறையில் கஜபாகு மன்னனின் கல்வெட்டு, கி.பி. 2ஆம் நூற்றாண்டு. இந்தத் துறைமுகத்தில் வசூலாகும் சுங்க வரியை விகாரைக்குக் கொடுத்தேன் என்பது செய்தி. சுங்கம் இருந்தால் கப்பல் வந்திருக்க வேண்டும் அல்லவா. 2003இல் ஊர் முக்குளிப்பாளர்கள் இருவர் இந்தக் கரைக்கு எதிரே, 30 மீட்டருக்கும் கூடிய ஆழத்தில், ஒரு பழைய கப்பலின் சிதைவைக் கண்டுபிடித்தார்கள். அம்மிக்கல், கண்ணாடிக் கட்டிகள் எல்லாம் கிடைத்தன. இந்து சமுத்திரத்தில் இதுவரை கண்டுபிடித்த கப்பல் சிதைவுகளில் மிகப் பழையது, வயது 2,000 ஆண்டு அளவில். சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது வந்த கயவாகு இந்தக் கஜபாகுதான் என்று பலர் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அவர் வெட்டிய எழுத்து வீட்டிலிருந்து ஒரு நாள் தூரத்தில் இருக்கிறது.

அம்மா கேட்டார், "அப்ப நம்ம ஆளுங்களும் இங்கதான் வந்து இறங்கினாங்களா?" இல்லை அம்மா, தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த நம்ம ஆட்கள் இறங்கியது மன்னார்ப் பக்கம், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள், போன வருஷம் 200 ஆண்டு நினைவாக நடைபயணம்கூடப் போனார்களே என்று அண்ணன் சொன்னார். "அது அந்தப் பக்கம், இது பழைய காலத்து ஆளுங்க" என்று அம்மாவே கணக்கை நேர் செய்துகொண்டார். பிறகு கால் நனைக்கப் போனார். அலை பலம், முழங்காலுக்கு மேல் போக வேண்டாம் என்று கைட் அண்ணன் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார், பாவம் அவருக்கு அன்றைக்கு வந்த பெரிய வேலை அதுதான்.

வீடு வந்து சேர ஒன்பது. எல்ல ஏற்றத்தில் எல்லாரும் மறுபடி ஸ்வெட்டர் தேடினோம், பை அம்மாவிடம் இருந்தது, அம்மா தூங்கிவிட்டார்.

பெப்ரவரி 25, ஞாயிறு

கிலோமீட்டர் கொஞ்சம் கூடிவிட்டது, கொடவாயவால். பேசிய கணக்குப்படி மேலதிகம் கொடுத்தோம், மறுபேச்சு இல்லை. பணம் வாங்கும்போது, கொடவாயவைத் தன் பட்டியலில் சேர்க்கப் போகிறேன் என்றார். கல்வெட்டு விவரம் தமிழில் எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார், ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த ஓட்டுத் துண்டையும் சேர்த்து, இரண்டு பக்க வாதத்தையும் எழுதினேன்.

போகிறவர்களுக்கு: வெள்ளையோ வெளிர் நிறமோ, முழங்கால் மூடும் உடை. பாறை ஏற சொக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், கிரிந்தவில் நன்றி சொல்வீர்கள். திஸ்ஸவை வெயில் ஏறுவதற்கு முன் முடியுங்கள். சின்னப் பிள்ளைகளும் வயசானவர்களும் இருந்தால் நான்கு இடமும் ஒரே நாளில் அதிகம்தான், பெரிய தாதுகோபத்தைப் போகிற போக்கில் பார்த்துவிட்டு யட்டாலவில் நில்லுங்கள்.

பெப்ரவரி 28, புதன்

அம்மா லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டார். இன்றைக்குக் கோயில் கமிட்டிக் கூட்டத்தில், ஆடியில் கதிர்காமம் போகும் பஸ்ஸைத் திரும்பும்போது கிரிந்தவுக்கு விட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பொருளாளர் டீசல் கணக்குச் சொன்னாராம், தலைவர் பூசைக்குப் போகும் பயணத்தில் கடல் எதற்கு என்றாராம். கடைசியில் தோட்டத்திலிருந்து இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது, ஆளுக்கு நூறு ரூபாய் கூட வாங்குவது என்று முடிவாகியிருக்கிறது. புதுருவகலவுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை, அம்மா அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கிறார்.