கறிக்குக் கோழி வாங்கப் போகிறீர்களா? முதலில் தாயைப் பாருங்கள்

வீட்டில் கறிக்கு எந்தக் கோழி வளர்க்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் அடுத்த மூச்சில் கேட்பது, எது சீக்கிரம் எடை போடும் என்பதைத்தான். ஏழு வருடத்துக்கு முன்னால், திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பதினைந்து சென்ட்டில் கோழி விடலாம் என்று ஆரம்பித்தபோது நானும் அதையேதான் கேட்டேன். இப்போது என்னைக் கேட்டால், எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அந்தப் பெட்டை முட்டை மேல் அடை உட்காருமா, குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயுமா, அதை முதலில் கேளுங்கள் என்பேன்.

முதலில் நான் இறக்கியது ஒரு நாள் குஞ்சுகள், ஐம்பது. நாட்டுக்கோழி என்று சொல்லித்தான் ஒரு வியாபாரி கொடுத்தார். பழுப்பும் கறுப்பும் கலந்து பார்க்க அழகாகத்தான் இருந்தன. இரண்டு மாதத்தில் கால் தடித்து, உடம்பு அகன்று, ஓட முடியாமல் ஆடி ஆடி நடக்கும்போதுதான் தெரிந்தது, அது நாட்டுக்கோழி நிறத்தில் இருக்கிற கலப்பினம். ஐதராபாத்தில் இருக்கிற கோழியின ஆராய்ச்சி இயக்ககம் வெளியிட்ட வனராஜா மாதிரியான வகை. கலப்பினத்தைத் தப்பு சொல்லவில்லை, அதை நாட்டுக்கோழி என்று சொல்லி விற்றதுதான் தப்பு. மூன்று மாதத்தில் சேவல்கள் ஒன்றரைக் கிலோவைத் தாண்டின, கறியும் பிராய்லரை விட நன்றாகவே இருந்தது. ஆனால் கீரி வந்தால் பறந்து மரத்தில் ஏறத் தெரியவில்லை, தீவனத்தட்டை விட்டு இருபது அடி தள்ளிப் போகவில்லை. மிச்சம் வைத்திருந்த பெட்டைகள் முட்டையை நிறையவே போட்டன, ஒன்று கூட அடைக்கு உட்காரவில்லை. அந்தத் தொகுதி முடிந்ததும் மறுபடி பணம் கொடுத்துக் குஞ்சு, மறுபடி குஞ்சுக்குச் சூடு தர பல்பு, மறுபடி தீவன மூட்டை.

பிராய்லர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ வரும், அதற்கு மூன்றரைக் கிலோ அளவுக்குத்தான் தீவனம் தின்னும், கணக்கில் அதை எந்தக் கோழியும் ஜெயிக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கு கொட்டகைக்கும் மின்விசிறிக்கும் போட்ட கணக்கு. மே மாத வெயிலில் மதியம் கரண்ட் போனால் அரை மணி நேரத்தில் வாயைத் திறந்து இறைக்க ஆரம்பித்துவிடும். எடை வந்த பிறகு இரண்டு வாரம் தள்ளி அறுக்கலாம் என்றும் வைத்துக்கொள்ள முடியாது, கால் தாங்காமல் உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு விருந்தாளி வரும்போது ஒன்று பிடிக்கலாம் என்று வளர்க்கிறவருக்கு அது பொருந்தாது.

கடக்நாத் என்கிற கருங்கோழியை நிறைய பேர் கேட்கிறார்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கோழி, 2018-ல் புவிசார் குறியீடு கூட வாங்கியது. தோல், கறி, எலும்பு வரைக்கும் கருமை. நல்ல ஜாதிதான், நோயும் ஓரளவு தாங்கும். ஆனால் வளர்ச்சி நிதானம், அடையும் சரியாக உட்காராது, குஞ்சு விலையும் அதிகம். குழம்புக்கென்று வளர்க்கிறவர் அதில் ஆரம்பிக்க வேண்டாம்.

சரி, நம் ஊர்க் கோழிக்கு வருவோம். சிறுவிடை, பெருவிடை என்று இரண்டு. பெருவிடை அசீல் வம்சம், சண்டைக்கு வளர்த்த கோழி. நீண்ட கால், இறுகின உடம்பு, சேவல் மூன்று நான்கு கிலோ வரை போகும். பார்த்தால் மனசு அதிலேயே நின்றுவிடும். ஆனால் ஆறேழு மாதம் ஆகாமல் பிடிக்க முடியாது, சேவல்கள் இரண்டு மூன்று மாதத்திலேயே ஒன்றை ஒன்று கொத்திக் கிழிக்கும், தனித்தனியாகக் கட்டி வைக்க வேண்டும். பெட்டையும் கனம். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று சொல்வார்கள், பெருவிடை விஷயத்தில் அதை நம்பாதீர்கள், என்னிடம் இருந்த ஒரு பெட்டை ஒரே அடையில் நான்கு முட்டையை உடைத்து, பொரிந்ததில் இரண்டு குஞ்சை மிதித்தும் விட்டது.

சிறுவிடைப் பெட்டை ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோதான் இருக்கும். பன்னிரண்டு பதினைந்து முட்டை போட்டதும் தானாகவே உட்கார்ந்துவிடும். அடைக்கு வந்த பெட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? நெஞ்சுப் பக்கத்து இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும், அந்தச் சூடு முட்டையில் நேரே படும். கையை நீட்டினால் உடம்பை இரண்டு பங்காக உப்பிக்கொண்டு கொத்த வரும். நான் கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைப்பதில்லை. அப்பத்தா காலத்துப் பழக்கமாக ஒரு கரித்துண்டும் ஆணியும் மிளகாய் வற்றலும் கூடவே போடுவேன். இடி இடித்தால் கூமுட்டை ஆகிவிடும் என்று அப்பத்தா சொல்லும். அது உண்மையோ இல்லையோ, ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து, சிவப்பு நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடுகிறேன். 21-ஆம் நாள் கூடைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வரும்.

அதற்கப்புறம்தான் சிறுவிடையின் அருமை தெரியும். பல்பு வேண்டாம், தாயின் இறக்கைக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடும். ஒரு நாள் காலையில் முருங்கை மரத்தடியில் பத்துக் குஞ்சோடு சீய்த்துக்கொண்டிருந்த பெட்டை திடீரென்று கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது, அவ்வளவுதான், பத்தும் ஆமணக்குச் செடிக்கடியில் மறைந்து ஆடாமல் அசையாமல் நின்றன. எனக்குப் பருந்து கண்ணில் பட அரை நிமிடம் ஆனது. இந்தப் பாடத்தை ஒரு நாள் குஞ்சாக வாங்குகிற ஐம்பதுக்கு நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

தீவனமும் பாதிதான். குருணை, கம்பு, வீட்டு மிச்சம், தண்ணீரில் மிதந்து வளர்கிற அசோலாப் பாசி கொஞ்சம். குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துக் கொடுங்கள். பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலை எல்லாம் திணித்து லேசாகத் தண்ணீர் தெளித்து, புற்று இருக்கிற இடமாகப் பார்த்து சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறைய இருக்கும். தட்டிக் கொட்டினால் குஞ்சுகள் காலடியில் வந்து விழும்.

எடை குறைவுதானே என்பீர்கள். அதற்கு நான் செய்கிற வழி, பெட்டையெல்லாம் சிறுவிடை, சேவல் மட்டும் நிதானமான பெருவிடை ஒன்று. குஞ்சுகள் அப்பனின் உடம்பில் பாதியை வாங்கிக்கொள்ளும், வளர்ப்பது சிறுவிடைத் தாய். ஐந்து மாதத்தில் சேவல் ஒன்றரைக் கிலோவைத் தொடுகிறது, சிறுவிடையாக மட்டும் இருந்தபோது ஒரு கிலோதான் நின்றது. ஐந்து பெட்டை, வருடத்துக்கு மூன்று அடை, அடைக்குப் பத்துக் குஞ்சு என்றால் நூற்றைம்பது. அதில் பாதி தேறினாலும் வாரம் ஒன்று குழம்புக்குப் போக மிச்சம் இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சேவலை வெளியிலிருந்து மாற்றிவிடுங்கள், மகளோடு அப்பன் சேர்ந்தால் குஞ்சு நோஞ்சானாகும்.

எந்த ஜாதியாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு விதிவிலக்கு கிடையாது. நாட்டுக்கோழிக்கு ஊசி எதற்கு என்று நினைத்து மூன்றாவது வருடம் பங்குனியில் நான்கு நாளில் முப்பத்தொரு கோழியைப் புதைத்தேன். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுகிக்கொண்டு கிடந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இப்போது ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, நான்காவது வாரம் லசோட்டா தடுப்பு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி, எதையும் விடுவதில்லை. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்குக் கால்நடை பராமரிப்புத் துறையே முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது, கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு வையுங்கள்.

வாங்குவதென்றால் சந்தையில் வாங்காதீர்கள், எங்கிருந்து என்ன நோயோடு வந்தது என்று தெரியாது. ஊரில் யார் வீட்டுப் பெட்டை குஞ்சோடு தைரியமாக மேய்கிறதென்று ஒரு மாதம் பார்த்துவிட்டு, அதன் வயிற்றுப் பிள்ளையாக முட்டைக்கு வரப்போகிற இளம் பெட்டையாக, விடைக்கோழி என்பார்கள், இரண்டு கேளுங்கள். தை, மாசியில் குஞ்சு இறங்குகிற மாதிரி வைத்துக்கொண்டால் ஆடிக்கு முதல் சேவல் கைக்கு வரும். பிடித்த அன்றைக்கு மஞ்சளும் சின்ன வெங்காயமும் போட்டு, விறகடுப்பில் முக்கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள், குழம்பின் மேல் மஞ்சளாக நெய் மிதக்கிறதா என்று பாருங்கள்.