பட்டியலை மூடிவைத்து ஒரு பூவைப் பிடித்தேன்

"குறிப்பான்தான் மரபணுவா?" மலரியல் முதுநிலை வாய்மொழித் தேர்வில் எனக்கு விழுந்த முதல் கேள்வி. குறிப்பான் என்பது செடியில் ஒரு பண்பைத் தேட உதவும் டி.என்.ஏ. அடையாளம். ஆர்.ஏ.பி.டி., எஸ்.எஸ்.ஆர்., எஸ்.என்.பி. என அதன் வகைகளைப் பட்டியலாக ஒப்பிக்கத் தயாராகப் போயிருந்த நான், "ஆமாம் மேடம்" என்றேன்.

தேர்வாளர் ஒரு தாளை நீட்டினார். "இரண்டுக்கும் நடுவே 5 சென்டிமார்கன். 100 நாற்றில் எத்தனை உங்களை ஏமாற்றும்?" சுமார் ஐந்து; ஒரு சென்டிமார்கன் தூரம் என்றால் நூற்றில் ஒரு முறை பிரிய வாய்ப்பு. குறிப்பான் மரபணுவின் பக்கத்து வீட்டுக்காரர்தான். குறுக்கேற்றம் (இனச்செல் உருவாகும்போது குரோமோசோம் துண்டுகள் இடம் மாறுவது) நடந்தால் இருவரும் பிரிந்துவிடுவார்கள். "மரபணுவின் இருபுறமும் ஒவ்வொரு குறிப்பான் வைத்தால்?" இரண்டு பக்கமும் ஒருசேரப் பிரிந்தால்தான் ஏமாறுவோம்: 0.05 × 0.05, பத்தாயிரத்தில் 25. இந்தக் கணக்கு எனக்கு வந்தது விடுதிக்குத் திரும்பிய பிறகு.

அடுத்த முறை பட்டியலை மூடிவைத்துவிட்டு ஜப்பானியக் கார்னேஷனை மட்டும் படித்தேன். அங்கே பாக்டீரியா வாடல் நோய் பெரிய தொல்லை. வலுவான எதிர்ப்பு கிடைத்தது டயாந்தஸ் கேபிடேடஸ் என்ற காட்டுச் செடியில். அதன் பூவைப் பூக்கடையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே நல்ல ரகங்களுடன் திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எதிர்ப்பு மிஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிருமிக் கரைசலில் வேரை நனைத்து வாரக்கணக்கில் காத்திருப்பது பழைய வழி. குறிப்பானுக்கு நாற்றின் ஒரு துண்டு இலை போதும். 2010இல் 'கரேன் ரூஜ்' ரகம் அப்படித்தான் வந்தது. இந்த ஒரு கதைக்குள் பாதிப் பாடத்திட்டம் அடங்கிவிடுகிறது.

இப்படித் திரும்பத் திரும்பக் கலப்பதுதான் பிற்கலப்பு. அதில் நல்ல ரகத்தின் மரபுப் பங்கு தலைமுறைதோறும் 75, 87.5, 93.75 சதவீதம் என்று எல்லாரும் எழுதுவார்கள். அவை சராசரி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே தலைமுறையில் சில நாற்றுகள் சராசரியை முந்தியிருக்கும். அவற்றைக் குறிப்பானால் பொறுக்கி எடுத்தால் ஒன்றிரண்டு தலைமுறை மிச்சமாகும். 'விரைவு' என்று கேள்வியில் வந்தால் இதைத்தான் கேட்கிறார்கள்.

செய்முறையிலும் அடி வாங்கினேன். ரோஜாவின் முற்றிய இலையை அரைத்தேன்; குழாயின் அடியில் டி.என்.ஏ. டீத்தூள் நிறத்தில் படிந்தது, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வேலை செய்யவில்லை. இலையிலுள்ள பாலிஃபீனால் செய்த வேலை. இளந்துளிரைப் பறியுங்கள், டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் சிடாப் கரைசலில் பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. சேருங்கள். அந்தப் பி.வி.பி. பாட்டில் மேசையில் இருக்கிறதா என்பதை மணி அடிப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.