வைரம் பாய்ந்த மரங்களின் மலை

அப்பா கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் நயாகரா, நியூயார்க், லாஸ் வேகாஸ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்கே போனாலும் வரிசை. நுழைய வரிசை, சாப்பிட வரிசை, படம் எடுத்துக்கொள்ளவும் வரிசை. நயாகராவிலிருந்து திரும்பிய இரவு அவர் சொன்னார்: "அருவி நன்றாகத்தான் இருந்தது தம்பி. ஆனால் மகாமகத்துக்குப் போய் வந்ததுபோல உடம்பு வலிக்கிறது. ஆளில்லாத இடம் என்று இந்த நாட்டில் ஒன்றும் கிடையாதா?"

அந்தக் கேள்விக்காகத்தான் கிரேட் பேசினுக்குப் போனோம். நெவாடா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் தேசியப் பூங்கா அது. கிராண்ட் கேன்யனுக்கு ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள்; இங்கே வருபவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர்தான். நான் சால்ட் லேக் சிட்டியில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். நான்கு மணி நேரப் பயணத்தில் இப்படி ஓர் இடம் இருப்பதை அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

செப்டம்பர் கடைசி, அமாவாசையை ஒட்டிய வார இறுதி. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம். வழியில் டெல்ட்டா என்றொரு சிற்றூர். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். காவிரி டெல்ட்டாக்காரர் அல்லவா! "இங்கே கடல் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். கடலே இல்லை என்றேன். செவியர் என்ற ஆறு இந்த ஊர்ப்பக்கம் வந்து, வயல்களுக்குப் பிரிந்து, மேற்கே ஓர் ஏரியில் முடிந்துபோகிறது. ஊரைத் தாண்டிச் சிறிது நேரத்தில் அந்த ஏரியும் வந்தது. தண்ணீர் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த தரை. கிரேட் பேசின் என்ற பெயரின் பொருளே இதுதான். இந்தப் பெரும் நிலப்பரப்பில் விழும் மழையும் உருகும் பனியும் எந்தக் கடலையும் சேர்வதில்லை. ஏரிகளில் தேங்கும், மண்ணில் இறங்கும், வெயிலில் ஆவியாகும். "கடலைப் பார்க்காத ஆறா!" என்று அப்பா நெடுநேரம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

டெல்ட்டாவில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்துவைத்த டோபாஸ் முகாம் இந்த ஊருக்கு அருகேதான் இருந்தது. குற்றம் எதுவும் செய்யாத 11,000 பேருக்கும் மேல் அந்த முகாமுக்குள் போய் வந்திருக்கிறார்கள். ஊருக்குள்ளேயே அதற்கு அருங்காட்சியகம் இருக்கிறது. நாங்கள் போன நேரத்தில் அது திறந்திருக்கவில்லை. அதற்காகவே இன்னொரு நாள் வருவேன்.

டெல்ட்டாவில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ள மறக்காதீர்கள். அடுத்த 90 மைலுக்கு ஒரு பங்க்கூடக் கிடையாது. இந்த 50-ஆம் எண் நெடுஞ்சாலையின் நெவாடாப் பகுதியைத்தான் 'லைஃப்' இதழ் 1986-இல் 'அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை' என்று எழுதியது. அதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கோ அதுதான் அந்தச் சாலையின் செல்வம். ஒரு மலைத்தொடர், ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி ஒரு மலைத்தொடர். நாற்பது நிமிடங்களில் எதிரே வந்த வண்டிகள் மூன்று. மூன்று ஓட்டுநர்களும் கை உயர்த்தி வணக்கம் சொன்னார்கள். மூன்றாவது வண்டிக்கு அப்பாவும் கை உயர்த்தினார்.

மாநில எல்லையைக் கடந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகிறது. பூங்காவின் வாசலில் இருக்கும் பேக்கர் நூறு பேர்கூட இல்லாத ஊர். நாங்கள் தங்கிய சிறு விடுதியும் அங்கேதான்.

அன்று பிற்பகல் லேமன் குகைக்குப் போனோம். 1885-இல் ஆப்சலம் லேமன் என்ற பண்ணைக்காரர் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்திய சுண்ணாம்புக் குகை. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்றாலும் குகைக்கு டிக்கெட் உண்டு. முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். உள்ளே விடுவதற்கு முன், இதே செருப்போடும் உடையோடும் வேறு குகைக்குப் போனதுண்டா என்று வனக்காவலர் ஒவ்வொருவரையும் கேட்டார். வௌவால்களைக் கொல்லும் பூஞ்சை மனிதர்களின் காலணியில் ஒட்டிக்கொண்டு குகைவிட்டுக் குகை போய்விடும் என்பதற்காக அந்தக் கவனம். உள்ளே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ். சால்வை இல்லாமல் போகாதீர்கள். கேடயம்போலத் தட்டையாக வட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்பு வடிவங்கள்தான் இந்தக் குகையின் சிறப்பு. வேறு குகைகளில் ஒன்றிரண்டு இருந்தாலே அதிசயம் என்கிறார்கள். இங்கே முந்நூறுக்கும் மேல்.

இரவு எட்டரை மணிக்கு ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தி விளக்குகளை அணைத்தேன். 2016-இல் இந்தப் பூங்காவை உலகளாவிய இருள்வான் பூங்காக்களில் ஒன்றாக அங்கீகரித்திருக்கிறார்கள். அதைப் படித்திருந்தேன், ஆனால் அந்த வானத்துக்கு நான் தயாராக இருக்கவில்லை. நட்சத்திரங்கள் மலை விளிம்புவரை இறங்கி வந்திருந்தன. பால்வீதி தலைக்கு மேல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை. அப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றார். நேரம் ஆக ஆகக் கிழக்கே கார்த்திகை கொத்தாக மேலேறியது. சிறு வயதில் திண்ணையில் படுத்தபடி தம் பாட்டி காட்டிய அறுமீன் அது என்றார். "கும்பகோணத்தில் இதைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்றே ஞாபகம் இல்லை." பதினொரு மணிவரை அவரை அறைக்குத் திரும்ப வைக்க முடியவில்லை.

ஆனால் நாங்கள் வந்தது மறுநாளுக்காக.

வீலர் சிகரம் 13,063 அடி. அதன் தோளில் 10,000 அடி உயரம்வரை 12 மைல் நீளத்தில் மலைப்பாதை ஏறுகிறது. கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் மட்டுமே முழுப் பாதையும் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பனி மூடிவிடும். வழியெல்லாம் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகப் பழுத்து நின்றன. பாதை முடியும் இடத்திலிருந்து ஒன்றரை மைலுக்குச் சற்றுக் குறைவாக நடந்தால் பிரிசில்கோன் பைன் தோப்பு. அப்பாவுக்கு 71 வயது. அந்த உயரத்தில் மூச்சு வாங்கும் என்பதால் ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று நின்று போனோம். இரண்டு மணி நேரம் ஆனது.

அப்பா 43 ஆண்டுகள் மரவாடியில் வேலை பார்த்தவர். தேக்கு, வேங்கை, கோங்கு எதுவானாலும் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்வார். தோப்புக்குள் நுழைந்ததும் அவர் நடை மாறிவிட்டது. குட்டையாக, முறுக்கிக்கொண்டு, பாதி உடம்பு செத்ததுபோல நிற்கும் மரங்கள். பட்டை முழுவதும் உரிந்துபோய், ஒரு பக்கத்தில் மட்டும் கையகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டை வழியாகத்தான் ஒரே ஒரு கிளைக்கு உயிர் ஏறுகிறது. அந்தக் கிளையின் ஊசியிலைகள் முப்பது நாற்பது ஆண்டுகள்கூட உதிராமல் இருக்குமாம். இந்தத் தோப்பில் 3,000 ஆண்டுகளைக் கடந்த மரங்கள் உண்டு என்றேன்.

அப்பா பதில் சொல்லவில்லை. காற்றும் பனித்துகளும் இழைத்து இழைத்து வழுவழுப்பாக்கிய ஒரு பட்ட மரத்தின் அருகே குனிந்தார்.

"மொத்தமும் வைரம்," என்றார். "ரேகையைப் பார். மயிரிழை மயிரிழையாக ஓடுகிறது. நம் புதாற்றங்கரைத் தேக்கு இருக்கிறதே, தண்ணீரும் வண்டலும் தின்று விறுவிறுவென்று வளரும். வளையம் விரல் அகலம் இருக்கும். மலைக்காட்டுத் தேக்கு அப்படியில்லை, பட்டினி கிடந்து வளரும். இது அதற்கும் மேலே பட்டினி கிடந்திருக்கிறது."

ஆராய்ச்சியாளர்கள் சொல்வதும் அதுதான். இதே இனத்து மரங்கள் சற்றுக் கீழே, நல்ல மண்ணில் வேகமாக வளர்ந்து விரைவில் மடிந்துவிடுகின்றன. மண்ணே இல்லாத பாறைச் சரிவில் நிற்பவை மிக மெதுவாக வளர்கின்றன. கட்டை இறுகிப் பிசின் ஏறிவிடுவதால் பூச்சியும் பூஞ்சையும் அண்டுவதில்லை. செத்த பிறகும் மக்காமல் கல்லைப்போலத் தேய்ந்துகொண்டு நிற்கின்றன.

திரும்பும் வழியில் பேக்கரில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்குள் நுழைந்தோம். 2014-இல் ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்த்து வைத்தபடியே கண்டெடுத்த, 1882-இல் செய்த வின்செஸ்டர் துப்பாக்கியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என் கண் அதில் நிற்கவில்லை. அங்கே புரொமிதியஸ் என்ற மரத்தின் குறுக்குவெட்டுத் துண்டு இருக்கிறது. நாங்கள் நடந்த தோப்பின் மேற்புறச் சரிவில் நின்ற மரம் அது. பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டொனால்ட் கர்ரி என்ற மாணவர், துளைக்கருவியால் சரியான மாதிரி எடுக்க முடியாமல் போகவே, வனத்துறையின் அனுமதியோடு 1964 ஆகஸ்டில் அதை வெட்டினார். பிறகு எண்ணியபோது 4,862 வளையங்கள். உலகில் அதுவரை வயது அறிந்த மரங்களில் மூத்ததை வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த மலை தேசியப் பூங்காவானது அதற்கு 22 ஆண்டுகள் கழித்துத்தான்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. அனுமதி கொடுத்தவர்களையும் வெட்டியவரையும் திட்டிக்கொண்டே அப்பாவுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தத் துண்டின் விளிம்பிலிருந்து மையம்வரை மெதுவாகப் பார்வையை நகர்த்தினார். ஒன்றும் பேசவில்லை.

டெல்ட்டாவில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது வண்டியிலிருந்து இறங்கி என் அருகே வந்து நின்றார்.

"நாங்களும் வளையம் பார்ப்போம் தம்பி. வைரம் எத்தனை அங்குலம், வெள்ளை எத்தனை அங்குலம், விலை என்ன சொல்லலாம் என்று பார்ப்போம். 43 வருஷத்தில் ஒரு மரத்துக்குக்கூட வயதை எண்ணிப் பார்த்ததில்லை. அந்தப் பையனாவது எண்ணிப் பார்த்தான்."