அடிமட்டத்துக்கு முன்னால் ஓர் ஈர்க்கு

நீளம் அளக்கும் பாடத்தில் பிள்ளைகளின் கையில் அடிமட்டத்தைக் கொடுக்க நாம் மிகவும் அவசரப்படுகிறோம் என்பது என் நெடுநாள் எண்ணம். பூச்சியத்தை ஒரு நுனியில் வை, மறு நுனியில் உள்ள எண்ணை வாசி, கொப்பியில் எழுது. விடை சரியாக வந்துவிடும். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்று கேட்டால் பிள்ளை முழிக்கும். அதனால் இந்தத் தவணை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நான் படிப்பிக்கும் தரம் மூன்று வகுப்பில் ஒரு கிழமையை அளப்பதற்கென்றே ஒதுக்கினேன். அடிமட்டங்கள் அலுமாரிக்குள் போயின.

திங்கட்கிழமை மேசையைச் சாணால் அளந்தார்கள். ஒரே மேசை ஒருவனுக்கு ஏழு சாண், இன்னொருத்திக்கு ஒன்பது. "நீ விரலை வடிவா விரிக்கல்ல" என்று சண்டை தொடங்கியது. சரி, கையோடு கை ஒட்டிப் பாருங்கள் என்றேன். பெரிய கைக்குத்தான் எண்ணிக்கை குறைந்திருந்தது. பெரிய சாண் என்றால் பெரிய எண் வரவேண்டும் என்றே பாதி வகுப்பு நம்பியிருந்தது. அதை நான் விளக்கப் போகவில்லை. கதவு, யன்னல், கரும்பலகை என்று அளந்து அளந்து அவர்களே பிடித்துக்கொண்டார்கள்.

"மறுகா எல்லாரும் ஒராள்ட கையால அளப்பம் மிஸ்" என்றாள் ஒருத்தி. ஒரு கை எல்லா மேசைக்கும் ஒரே நேரத்தில் போகுமா? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பின்வாங்கில் இருந்து ஒரு யோசனை வந்தது: அவளுடைய சாணளவுக்குத் தென்னை ஈர்க்கை முறித்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்வோம். பொதுவான அலகு ஒன்று வேண்டும் என்பதை நான் வாயால் சொல்லவேயில்லை. அடுத்த சிக்கல் தானாக வந்தது: "ஏழு ஈர்க்கும் கொஞ்சமும்." அந்தக் கொஞ்சம் எவ்வளவு? ஈர்க்கைப் பாதியாக முறித்தார்கள், பாதியை மறுபடி பாதியாக. வியாழக்கிழமை அடிமட்டம் வெளியே வந்தபோது, சென்ரிமீற்றர் கோடுகள் எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நிறைக்குச் சிரட்டைத் தராசு கட்டினோம், புளியங்கொட்டைதான் படிக்கல். வெறும் சிரட்டைகளே ஒரு பக்கம் சரிந்ததால் களிமண் ஒட்டி நேராக்கினார்கள். ஒல்லிப் போத்தல் தண்ணீரை அகன்ற சட்டியில் ஊற்றியதும் "குறைஞ்சிட்டு" என்றார்கள் சிலர். பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே செய்து காட்டிய சோதனை இது. உயரம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏறத்தாழ ஏழு வயதில்தான் பிள்ளைக்குப் பிடிபடும் என்றார் அவர். என் வகுப்பின் எட்டு வயதுப் பிள்ளைகளிலும் தயங்கியவர்கள் இருந்தார்கள். திரும்பப் போத்தலில் ஊற்றிப் பார்த்த பிறகே தெளிந்தார்கள்.

கிழமை நடுவில் ஓர் அம்மா வந்தார். "என்ன மிஸ், கொப்பியில ஒண்டும் எழுதல்லியே?" அவருடைய பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்கடி இப்போது தரம் மூன்றுக்கே இறங்கிவிட்டது. 1999 இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றையும் சேர்த்துப் படிப்பிக்கத்தான் சொன்னது. நடைமுறையில் மூன்றாவது மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது என்பது என் கவலை. வீட்டுக் கதவை மகனை அளக்கச் சொல்லுங்கள், எதனால் அளந்தாய் என்றும் கேளுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அடுத்த நாள் காலை அவன் கதவின் அளவோடு கிணற்றுக்கட்டின் அளவையும் எழுதிக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை மணியடிக்கும் நேரம் அவனே கேட்டான்: "மண்முனைப் பாலம் எத்தின ஈர்க்கு மிஸ்?" அதுக்கு ஈர்க்கு காணாது, நீளக் கயிறு வேணும் என்றாள் பக்கத்தில் இருந்தவள். வருகிற கிழமை ஒரு மீற்றர் இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிறு செய்யப் போகிறோம். பாலத்துக்கு முன் பாடசாலை முற்றத்தில் அளந்து பழகுவார்கள்.