இரண்டுக்கு இரண்டு

இலங்கையின் வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது போர் முடிந்து சில வருடங்கள்தான். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி பார்த்துத் தெற்கிலிருந்து சிங்களப் பிள்ளைகளையும் எங்கள் பீடத்துக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். முதலாம் தரத்திலிருந்து 13 வருடம் தங்கள் மொழிப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள்தான் இரு பக்கமும் அதிகம். மற்ற இனத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவதே பலருக்கு இங்கேதான் முதல் தடவை.

வரவேற்பு நாளில் பரதமும் கண்டிய நடனமும் மேடையேறும், படம் எடுப்போம். மத்தியானம் கன்டீனில் தனித்தனி மேசைகளில் இருப்பார்கள். அந்த மேடைகளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

நான் செய்யக்கூடியது ஆய்வுகூடத்தில் குழு பிரிப்பது. முதல் வருடம் பிழைவிட்டேன். எல்லாக் குழுவிலும் கலப்பு வேண்டுமென்று மூன்று தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரு சிங்களப் பையனை விட்டேன். பாடம் ஆங்கிலத்தில்தான், ஆனால் பியூரெட்டைக் கையில் எடுத்ததும் வாயில் தமிழ்தானே வரும்? ஆறு கிழமை அவன் அளவுகளை மட்டும் எழுதினான். ஏழாவது கிழமை வரவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது. அடுத்த வருடத்திலிருந்து இரண்டுக்கு இரண்டு. தன் மொழியில் கேட்கப் பக்கத்தில் ஓராள் இருந்தால்தான் எதிரே இருப்பவரிடம் வாய் திறக்கத் துணிவு வருகிறது. அப்புறம் சிங்களத்தில் அண்ணன் 'அய்யா', தம்பி 'மல்லி' என்று தெரிந்து எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடினமானது மே மாதம். 2009 மே மாதம் போர் முடிந்த இடம் முள்ளிவாய்க்கால்; கடைசி நாட்களில் அங்கே சிக்கியிருந்த சனம் குடித்த கஞ்சியை நினைவுநாளில் கொடுப்பார்கள். 2023 மே 18 அன்று மாணவர்கள் வாசலில் அந்த முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். குருநாகல் பிள்ளையொருத்தி கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் ஏன் பால் இல்லை என்று கேட்டாள். அவளுடைய குழுவில் இருந்த புதுக்குடியிருப்புப் பிள்ளை சொன்னாள்: அரிசியும் உப்பும் தண்ணீரும்தான், அங்கே வேறொன்றும் இருக்கவில்லை, ஏழு வயதில் இதற்குத்தான் வரிசையில் நின்றேன்.

பின்னேரம் குருநாகல் பிள்ளை என் அறைக்கு வந்தாள். "மிஸ், போர் முடிந்த அந்தக் கிழமை எங்கள் ஊர் ரோட்டில் வெற்றியென்று பாற்சோறு கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். எனக்கும் ஏழு வயது. இதை அவளிடம் சொல்லலாமா?"

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, சொல்லுங்கோ என்றேன்.

அடுத்த கிழமை ஒரே மேசையில் இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்கடுத்த கிழமை பேசினார்கள்.